வாசல் தோட்டத்துக்கு விலை குறைந்த, வருஷக்கணக்கில் நிற்கிற பூச்செடிகள்: வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திருச்சிவாசி:
வீட்டுக்கு முன்னால் காம்பவுண்டை ஒட்டி நாலடி அகலத்துக்கு மண் விட்டிருக்கிறோம். மேற்குப் பார்த்த வாசல், மதியத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கும், தண்ணீர் போர்வெல், உப்பு. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் தினமும் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள முடியாது. நர்சரிக்குப் போனால் பூத்துக் குலுங்குகிற தொட்டியை முன்னால் தூக்கி வைக்கிறார்கள், எது நிற்கும் என்று கேட்டால் "எல்லாமே நல்லா வரும் சார்" என்கிறார்கள். உங்கள் வாசலில் எது பிழைத்தது, எது போனது, என்ன விலைக்கு வாங்கினீர்கள்?

கரிசல்காட்டுக்காரி:
தம்பி, நர்சரிக்குப் போவதற்கு முன்னால் உங்கள் தெருவிலேயே ஒரு நடை போய் வாருங்கள். சித்திரை வைகாசியில் போனால் இன்னும் நல்லது. அக்னி நட்சத்திர வெயிலில் எந்த வீட்டு வாசலில் எது பூத்துக்கொண்டு நிற்கிறதோ அதுதான் உங்கள் தண்ணீருக்கும் மண்ணுக்கும் ஒத்துக்கொண்ட செடி. நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே தினம் இரண்டு வேளை தண்ணீர் குடித்து வளர்ந்ததைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

எங்கள் பக்கம் அப்படிப் பார்த்ததில் எப்போதும் தேறுவது காகிதப்பூ, அரளி, நந்தியாவட்டை, நித்யகல்யாணி. காகிதப்பூ தவிர மற்ற மூன்றும் ஆடு வாய் வைக்காத சாதி என்பதால் கேட் திறந்து கிடந்தாலும் கவலை இல்லை (காகிதப்பூவில் இளந்தளிரை மட்டும் சில ஆடுகள் கடிக்கும், முள் முற்றிவிட்டால் விட்டுவிடும்). காகிதப்பூவுக்கு ரொம்பத் தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தள்ளும், பூ வராது. காய விட்டு ஊற்றினால்தான் நிறம் கொட்டும். நாம் பூ என்று சொல்கிற அந்தச் சிவப்பும் ஊதாவும் உண்மையில் பூவைச் சுற்றியிருக்கிற இலைகள், உள்ளே வெள்ளையாகச் சின்னதாக இருப்பதுதான் பூ. அதனால்தான் அது வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது. ஒரு சுற்று பூத்து முடிந்ததும் வெட்டிவிடுங்கள், புதுத் தளிரில்தான் அடுத்த சுற்று வரும். சாதாரண ரகச் செடியை எண்பது நூறு ரூபாய்க்கு வாங்கலாம். ஒரே செடியில் நாலு நிறம் ஒட்டுக் கட்டினது முந்நூறுக்கு மேல் சொல்வார்கள், அது வேண்டாம். நாலு நிறத்தில் ஒன்று வேகமாக வளர்ந்து மற்ற மூன்றையும் அமுக்கிவிடுகிறது.

இதைக்கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மழை தொடங்கும்போது பென்சில் தடிமனில் முற்றின குச்சி நாலைந்து பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி, நிழலான இடத்தில் ஊன்றி வைத்தால் அதில் இரண்டு மூன்றாவது வேர் பிடித்துவிடும். அரளியும் நந்தியாவட்டையும் இதே வழிதான். இந்த ஊரில் பூச்செடி குச்சி கேட்டு இல்லை என்று சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை.

குமரிமழை:
அக்கா சொல்வதெல்லாம் சரி, ஆனால் இட்லிப்பூவை எப்படி விட்டீர்கள்? எங்கள் நாகர்கோவில் பக்கம் செம்மண்ணில் அதைவிடச் சோம்பேறிச் செடி கிடையாது. ஒருமுறை வைத்ததோடு சரி, வேலி மாதிரி வெட்டி விட்டுக்கொண்டே இருந்தால் ஆண்டு முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். குட்டை ரகம் ஐம்பது ரூபாய் அளவில் கிடைக்கிறது. வாசலுக்குக் குட்டைதான் அழகு.

கரிசல்காட்டுக்காரி:
உங்கள் மண்ணுக்கு வரும் தம்பி. உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு மண் இருக்கிற இடத்தில் இட்லிப்பூவுக்கு நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாகிவிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது, அதுதான் காரணம். லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பும் (இரும்புச் சத்துள்ள ஃபெரஸ் சல்பேட்) கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து இலையில் தெளித்தால் திரும்பப் பச்சை வரும். ஆனால் கொஞ்ச நாளில் மறுபடி மஞ்சளாகும், மறுபடி தெளிக்க வேண்டும். பராமரிப்பே வேண்டாம் என்று கேட்கிறவருக்கு அந்த வேலை எதற்கு? திருச்சிக்காரர் தன் தெருவில் பச்சை இலையோடு நிற்கிற இட்லிப்பூவைப் பார்த்தால் தாராளமாக வாங்கட்டும்.

அடையாறுபால்கனி:
சென்னையில் வெயிலில் தப்பினது ஐப்பசி கார்த்திகையில் போகும். நித்யகல்யாணியை எல்லாரும் சாகாத செடி என்கிறார்கள். வறட்சியில் சாகாது, உண்மை. காலடியில் தண்ணீர் நின்றால் தண்டு கறுத்து அழுகி ஒரே வாரத்தில் சாய்ந்துவிடும். தாழ்வான வாசல் என்றால் மண்ணை முக்கால் அடி மேடு கட்டி அதற்கு மேல் வையுங்கள். அப்புறம் அதில் சாதாரண நாட்டு ரகம் வேறு, நர்சரியில் டிரேயில் வைத்து விற்கிற பெரிய பூ கலப்பு ரகம் வேறு. கலப்பு ரகம் பார்க்க அழகு, ஆனால் எங்கள் வாசலில் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. நாட்டு ரகம் தானே விதை உதிர்த்து சிமெண்ட் வெடிப்பில்கூட முளைக்கிறது.

மழைக்குக் கவலையே படாதது மழை லில்லி. வெங்காயம் மாதிரிக் கிழங்கு, பத்துக் கிழங்கு நூறு ரூபாய்க்கு வாங்கினேன், இப்போது அள்ளி அள்ளிக் கொடுத்தும் தீரவில்லை. மற்ற நாளில் புல் மாதிரிக் கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்து சில நாளில் மொத்தமாக எழும்பி நிற்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். வேலைக்கு ஆள் வைத்துப் புல் பிடுங்கச் சொன்னால் மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள், புல் என்று நினைத்துச் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள்.

துணி துவைக்கிற கல் பக்கம், குழாயடி என்று எப்போதும் ஈரமாக இருக்கிற மூலை இருந்தால் கல்வாழை. அதை வாங்கினேன் என்று யாராவது சொன்னால்தான் ஆச்சரியம். ஒரு கிழங்கு போதும், அப்புறம் நாம்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

யாழ்முற்றம்:
எங்கட பக்கம் செவ்வரத்தையைத்தான் (நீங்கள் செம்பருத்தி என்பது) முன்னுக்கு வைப்பார்கள். வேலிக்குக் கதியால் போடுவது போல தடியை ஊன்றினால் வந்துவிடும், காசே தேவையில்லை. வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்கிற மாவுப்பூச்சி மட்டும்தான் தொல்லை. அடுக்குச் செவ்வரத்தையை விட ஐந்து இதழ்ச் சிவப்பு நல்லாத் தாங்கும். பூச்சி வந்த கொப்பை வெட்டி எரித்துவிட்டு, மிச்சத்துக்கு வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணியோடு கலந்து அடிப்பேன்.

கொத்தவரை:
கனகாம்பரம் யாருமே சொல்லவில்லை. தலையில் வைக்கவும் ஆகும், சாமிக்கும் ஆகும், கொஞ்சம் நிழல் விழுகிற இடத்திலும் பூக்கும். விதையில் வருகிற நாட்டு ரகம் எடுங்கள், காய் முற்றினதும் ஈரம் பட்டவுடன் படபடவென்று வெடித்துத் தானே பரவிக்கொள்ளும். டெல்லி கனகாம்பரம் நிறம் அருமை, ஆனால் அது விதை கட்டாது, குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும், ஒரு செடி போனால் அதோடு போயிற்று. இன்னொன்று, கனகாம்பரத்துக்கு வேரில் நூற்புழு என்கிற நுண்ணிய புழு வரும், அது மண்ணிலேயே தங்கும், அதனால் செத்த குழியிலேயே மறுபடி கனகாம்பரம் வைக்காதீர்கள்.

நர்சரியில் வாங்குகிறவர்களுக்கு என் பழக்கம் ஒன்று: பூ நிறைய இருக்கிற செடியை எடுக்கமாட்டேன், மொட்டு வைத்து, அடியிலிருந்தே கிளை பிரிந்து குட்டையாக இருக்கிறதை எடுப்பேன். பையின் அடியைத் திருப்பிப் பார்ப்பேன், வேர் சுருண்டு வெளியே வந்து கிடந்தால் அது ரொம்ப நாளாக விற்காமல் நின்ற செடி. ஆந்திராவில் கடியம் பக்கமிருந்து லாரியில் வருகிற செடிகளில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டையாக இறுகி இருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதை அப்படியே குழியில் இறக்கினால் உள்ளே தண்ணீர் இறங்காது. ஒரு மணி நேரம் தண்ணீரில் வைத்து மேல் களியை லேசாகக் கரைத்துவிட்டு நடுங்கள்.

திருச்சிவாசி:
எல்லாருக்கும் நன்றி. தெருவில் நடந்து பார்த்தேன், காகிதப்பூ, அரளி, டிசம்பர் பூ, நித்யகல்யாணி நாலும்தான் நன்றாக இருக்கின்றன. நித்யகல்யாணி என்றதும் எங்கள் அத்தை, "சுடுகாட்டுச் செடியை வாசலில் வைக்கவா?" என்று ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். அதிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், "அப்ப ஆஸ்பத்திரியில் வைக்கட்டும்" என்கிறார். வீட்டில் இரண்டு வயதுப் பையன் வேறு இருக்கிறான், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பான்.

கரிசல்காட்டுக்காரி:
அப்படியானால் அரளியை விட்டுவிடுங்கள் தம்பி. இலை, பூ, வேர், பால் எல்லாமே விஷம், நெடுஞ்சாலை நடுவில் நிற்கட்டும். மழை லில்லிக் கிழங்கும் வாய்க்குப் போகக்கூடாது. நித்யகல்யாணியும் தின்னக்கூடாததுதான், ஆகையால் இந்த ஒரு விஷயத்தில் அத்தை பேச்சைக் கேட்பதில் நஷ்டமில்லை.

உங்களுக்குக் காகிதப்பூவை மூலையில் ஒன்று வையுங்கள், முள் பையன் கைக்கு எட்டாத உயரத்தில் மதில் மேல் ஏற்றிக் கட்டிவிடுங்கள், கீழ்க் கிளையைக் கழித்துவிடுங்கள். மதிலோரம் முழுக்க டிசம்பர் பூ, ஊதாவும் வெள்ளையும் கலந்து, ஆடியில் குச்சி ஊன்றினால் போதும். மார்கழியில் பூக்கும், மற்ற மாதம் பச்சையாகக் கிடக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஐந்து இதழ்ச் செம்பருத்தி இரண்டு. மொத்தமாக இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், குச்சி கேட்க வெட்கப்படாவிட்டால் அதுவும் ஆகாது. முதல் கோடை முடியும் வரைக்கும் வாரம் இரண்டு முறை தண்ணீர், வேரைச் சுற்றிக் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ போட்டு மூடி வையுங்கள். அதற்கப்புறம் நீங்கள் ஊருக்குப் போனாலும் அது பாட்டுக்கு நிற்கும்.