மறு: லாபியிங்: ‘பரப்புரை’ பொருந்தாது, ‘வாயில்வேண்டல்’ பொருந்தும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

‘லாபியிங்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற இந்த இழையைத் தொடக்கத்திலிருந்தே படித்து வருகிறேன். என் மேசையில் இருக்கும் வேலையே இதுதான் என்பதால் இப்போது எழுதுகிறேன். அமெரிக்காவின் தனியார் மின் நிறுவனங்களுக்கான கூட்டமைப்பு எடிசன் எலக்ட்ரிக் இன்ஸ்டிட்யூட். அது வாஷிங்டனில் என்ன செய்கிறது என்பதைப் பற்றிய அறிக்கை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பக்கத்துக்குப் பத்து இடத்தில் ‘லாபியிங்’ வருகிறது.

> பரப்புரை என்றே போட்டுவிடலாம். பத்திரிகைகளில் வந்துவிட்டதே.

வந்துவிட்டதுதான் சிக்கல், ஐயா. பரப்புரை ஊரைப் பார்த்துப் பேசுவது. லாபியிங், தமக்குச் சாதகமான முடிவு வேண்டி, சட்டமன்ற உறுப்பினரையோ அதிகாரியையோ பார்த்துப் பேசுவது. இந்தக் கூட்டமைப்பின் பிறப்பே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இதற்கு முன்பிருந்த தேசிய மின்விளக்குச் சங்கம் 1920-களில் பேராசிரியர்களுக்குப் பணம் கொடுத்தது. பள்ளிப் பாடநூல்களில் அரசு மின்சாரத்துக்கு ஆதரவான வரிகள் வராமல் பார்த்துக்கொள்ள முயன்றது. அது அப்பட்டமான பரப்புரை. கூட்டாட்சி வணிக ஆணையம் 1928-இல் தொடங்கிய விசாரணையில் இவையெல்லாம் வெளியே வந்து, சங்கத்தின் பெயர் கெட்டது. 1933-இல் பழைய சங்கம் போய் எடிசன் இன்ஸ்டிட்யூட் வந்தது. அன்று செய்ததற்கும் இன்று செய்வதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் என் அறிக்கையில் வரலாறே காணாமல் போய்விடும்.

இன்னொரு கதையையும் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மின் கம்பெனிக் குழுமங்களைக் கலைக்கும் மசோதா 1935-இல் வந்தபோது, ‘இதை எதிர்க்க வேண்டும்’ என்று பென்சில்வேனியாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குத் தந்திகள் வந்து குவிந்தன. அனுப்பியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையின் முதல் சில எழுத்துகளிலேயே தொடங்கின. அவருக்குச் சந்தேகம் வந்தது. செனட்டர் ஹியூகோ பிளாக் தலைமையில் விசாரித்தார்கள். பெயர்களை ஊர் முகவரிப் புத்தகத்திலிருந்து வரிசையாக எடுத்திருக்கிறார்கள். கையெழுத்து வாங்கி வந்த தந்திப் பையனுக்குக் கையெழுத்துக்கு மூன்று சென்ட் கூலி. செய்தது எடிசன் இன்ஸ்டிட்யூட் அல்ல, ஒரு கம்பெனிக் குழுமம். இதை என்னவென்று சொல்வது? பொதுமக்களைத் தூண்டி எழுதவைப்பதை 1995-ஆம் ஆண்டு லாபியிங் வெளிப்படுத்தல் சட்டம் லாபியிங் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘மக்கள்வழி வேண்டல்’ என்று வைத்திருக்கிறேன். மூன்று சென்ட் வகைக்கு ‘கூலிக்குரல்’ போதும்.

> தரகு என்பது எல்லோருக்கும் புரியும்.

புரியும், கூடவே ஒரு முகச்சுளிப்பும் வரும். கலைச்சொல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தமே காக்கிறது. அதன் நிழலில்தான் இந்தத் தொழில் நடக்கிறது. லஞ்சம் தனிக் குற்றம், அதற்குத் தனிச் சட்டம். திட்ட விரும்புகிறவர்கள் தரகு என்று திட்டிக்கொள்ளட்டும்.

என் முன்மொழிவு ‘வாயில்வேண்டல்’. லாபி என்பது அவைக்கு வெளியே உள்ள முன்கூடம், உள்ளே போகிறவரை மடக்கிப் பேசும் இடம். நம்மிடமோ வாயில் என்றால் வாசல் மட்டுமல்ல. பரத்தையிடமிருந்து திரும்பிய தலைவனுக்காகத் தலைவியிடம் பரிந்து பேச வருகிறவர்களுக்கும் அகத்திணையில் வாயில் என்றே பெயர். பாணன், விறலி, பாங்கன் என்று பன்னிரண்டு பேரைத் தொல்காப்பியக் கற்பியல் அடுக்குகிறது. இடமும் ஆளும் ஒரே சொல்லில் அமைந்த மொழி நம்முடையது; அதை விட்டுவிட்டு ‘செல்வாக்குச் செலுத்துநர்’ என்று ஏன் திணற வேண்டும்? பாணன் பரிசில் பெறுபவன் என்பதையும் மறக்க வேண்டாம். லாபியிங் செய்பவர்களும் கட்டணம் பெறுபவர்களே.

சொல்லை ஓட்டிப் பார்த்தேன். வாயில்வேண்டுநர், வாயில்வேண்டற் செலவு, ‘வரிச் சலுகைக்காக வாயில்வேண்டினர்’. ஓடுகிறது. முன்பு ஒருவர் சொன்ன ‘வாயில்நாடல்’ சுருக்கம்தான். ஆனால் புணர்ச்சி விதிப்படி ‘வாயினாடல்’ ஆகிவிடும். ‘வாயின் ஆடல்’ போலக் கேட்டு, பல் மருத்துவமனை ஞாபகம் வருகிறது.

> வேண்டல் என்றால் பணிவாக இருக்கிறதே அம்மா? கோடிக்கணக்கில் செலவழிப்பவர்களுக்கா?

பணிவு சொல்லில் இருக்கட்டும், தொகை படிவத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்டி-2 என்ற படிவத்தை நிரப்பி நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் தர வேண்டும். எந்த மசோதா, எவ்வளவு செலவு, எந்த வாயில்வேண்டுநர், எந்த அவை அல்லது துறை என்பதெல்லாம் இருக்கும். எந்த உறுப்பினரைப் பார்த்தார்கள் என்பது இருக்காது. தெருப்பெயர் உண்டு, வீட்டு எண் இல்லை.

சொல்லில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் மின்கட்டணம். கூட்டமைப்புக்கு உறுப்பு நிறுவனங்கள் கட்டும் சந்தாவை அமெரிக்கக் கணக்கு முறையில் 930.2 என்ற தலைப்பில் எழுதினால், அது மின்கட்டணத்தில் ஏறி நுகர்வோர் தலையில் விழக்கூடும். அரசியல் செலவு என்று 426.4-இல் எழுதினால் பொதுவாகப் பங்குதாரர்கள் சுமக்க வேண்டும். லாபியிங் எது என்ற வரையறை எவ்வளவு குறுகுகிறதோ, அவ்வளவும் முதல் தலைப்புக்கு நழுவும். கொலராடோ, கனெக்டிகட், மெய்ன் மாநிலங்கள் 2023-இல் சந்தாவை நுகர்வோரிடம் வாங்கவே கூடாது என்று சட்டம் போட்டன. இந்த இரண்டு தலைப்புகளும் என் மொழிபெயர்ப்பில் ‘பரப்புரைச் செலவு’ என்று ஒன்றாகிவிட்டால் படிப்பவருக்குச் சண்டையே புரியாது.

மற்றவை சுருக்கமாக. ‘யுடிலிட்டி’க்குப் ‘பயன்பாட்டு நிறுவனம்’ வேண்டாம், மின்வழங்கு நிறுவனம் போதும். அங்கே நம்மூர் மின்வாரியம் போன்றவை வேறு கூட்டமைப்பில் இருப்பதால், எடிசன் இன்ஸ்டிட்யூட்டின் உறுப்பு நிறுவனங்களுக்குப் ‘பங்குதாரர் உடைமை’ என்ற அடைமொழி தேவை. கூட்டமைப்பின் வகைப்பெயரை முதல் வரைவில் ‘தொழில் சங்கம்’ என்று எழுதி, மெய்ப்பில் அது ‘தொழிற்சங்கம்’ ஆகித் திரும்பி வந்தது. முதலாளிகள் எல்லாம் கொடி பிடிக்கும் தோழர்களாகிவிட்டார்கள். பிழை என்னுடையதுதான். இப்போது ‘நிறுவனக் கூட்டமைப்பு’ என்று மாற்றிவிட்டேன்.

ஒன்று மட்டும் மிச்சம். பதவி முடிந்த செனட்டர் இரண்டு ஆண்டும், கீழவை உறுப்பினர் ஓராண்டும் நாடாளுமன்றத்தின் இரு அவையினரிடமும் பிறருக்காகப் பேச வரக்கூடாது என்ற தடை இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கூலிங்-ஆஃப்’ எனப்படும் அதற்குக் ‘குளிர்விப்புக் காலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், ஐஸ்கிரீம் நினைவு வந்தது. அகத்துறையில் வாயில் வேண்டலுக்கு எதிரே நிற்பது வாயில் மறுத்தல். ‘வாயில்மறுப்புக் காலம்’ என்று வைக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று மாலை அச்சுக்குப் போகிறது.