திருவொற்றியூர்: 3 டன் ஜியோதெர்மல் ஏசி மதியம் டிரிப் ஆகிறது. குறை லூப்பிலா, யூனிட்டிலா?

உப்புக்காற்று:
வீடு திருவொற்றியூர், கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இருக்காது. 3 டன் யூனிட், ஆர்410ஏ கேஸ். அறையின் சூட்டை வெளிக்காற்றில் விடாமல், லூப் குழாயில் சுற்றும் தண்ணி வழியே மண்ணுக்குள் தள்ளும் வகை. பக்கச் சந்தில் 150 அடியில் மூன்று போர், ஒன்றுக்கொன்று 6 அடி இடைவெளி (அதற்குமேல் இடமில்லை). உள்ளே 32 மிமீ பிஇ100 எஸ்டிஆர் 11 ரகப் பிளாஸ்டிக் குழாய், அடிவரை போய்த் திரும்பும் யூ-லூப். போட்டு இரண்டு வருஷம். முதல் கோடை பிரச்சினையில்லை. இந்தக் கத்திரியில் தினமும் மூன்று மணி வாக்கில் ஹை பிரஷர் காட்டி நிற்கிறது. அரை மணி நேரம் விட்டு ரீசெட் செய்தால் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது.

நிற்பதற்குச் சற்று முன் எடுத்த ரீடிங்: யூனிட்டுக்குள் போகும் தண்ணி 44 டிகிரி, வெளியே வருவது 52. டிஸ்சார்ஜ் (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் கேஸின் பிரஷர்) 520 பிஎஸ்ஐ. வோல்டேஜ் 225, ஆடவில்லை. லூப் கேஜ் போன மாதம் 2 பார், இப்போது 1.2. வந்த மெக்கானிக் "கேஸ் ஓவர், கொஞ்சம் இறக்கிடலாம்" என்கிறார். இறக்க விடலாமா?

குழாய்க்கணக்கு:
கேஸில் கை வைக்க விடாதீர்கள். ஆர்410ஏ-வுக்கு 520 பிஎஸ்ஐ என்றால் கண்டென்சிங் (கேஸ் திரவமாக மாறும் சூடு) 58 டிகிரி பக்கம். வெளியே வரும் தண்ணியே 52. ஆறு டிகிரிதான் வித்தியாசம், அது ஆரோக்கியமான அளவு. கேஸ் அதிகமாக இருந்தாலோ கண்டென்சர் சுருளில் உப்பு படிந்திருந்தாலோ இந்த இடைவெளி பத்து, பன்னிரண்டு என்று விரிந்திருக்கும். தண்ணி சூடாக வருவதால் பிரஷர் ஏறுகிறது. அவ்வளவுதான். இப்போது கேஸை இறக்கினால் டிரிப் தள்ளிப்போகும், அறையில் குளிர் குறையும், கம்ப்ரசர் சூடேறும். அடுத்த வருஷம் கம்ப்ரசரே மாற்ற வேண்டி வரும்.

பார்க்க வேண்டியது 44-க்கும் 52-க்கும் நடுவிலுள்ள 8 டிகிரியை. கணக்கு இது: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் × எத்தனை டிகிரி × 0.07 = கிலோவாட். 3 டன் யூனிட் இந்தச் சூட்டில் அறையின் வெப்பத்தோடு கம்ப்ரசரின் வெப்பத்தையும் சேர்த்து 12.5 கிலோவாட் பக்கம் தள்ளும். 12.5-ஐ 8 × 0.07 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 22 லிட்டர். டன்னுக்கு 11 லிட்டராவது ஓட வேண்டும், உங்கள் 3 டன்னுக்கு 33–34 வேண்டும். மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் காணவில்லை.

முதலில் பம்புக்கு முன்னால் உள்ள ஒய்-ஸ்ட்ரெய்னரை (தண்ணி வடிகட்டும் சல்லடை) திறங்கள். இரு பக்க வால்வையும் மூடிவிட்டு, கீழே வாளி வைத்து மூடியை மெல்லத் தளர்த்துங்கள். உள்ளே 50 டிகிரி தண்ணி, கை பத்திரம்.

ஹெடர்_ராஜா:
கேஜ் இறங்கியது பற்றி: உங்கள் லூப் போன்ற ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய் சூடானால் கொஞ்சம் விரியும், கேஜ் இறங்கும். குளிர்ந்தால் ஏறும். அதனால் 0.8 பார் இறங்கியதை மட்டும் வைத்து லீக் என்று சொல்ல முடியாது. 2 பாருக்கு நிரப்பி, தினமும் காலை ஆறு மணிக்கு, சிஸ்டம் ஓடாத நேரத்தில் பத்து நாள் குறித்து வையுங்கள். ஒரே சீராக இறங்கிக்கொண்டே போனால்தான் லீக்.

நிரப்புவதற்கு வீட்டுப் போர் தண்ணி கூடவே கூடாது. கடலோரத்துத் தண்ணியின் குளோரைடு செம்புச் சுருளை அரிக்கும். மெட்ரோ வாட்டரோ ஆர்ஓ தண்ணியோ ஊற்றுங்கள். ஆன்டிஃப்ரீஸ் என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுங்கள், மார்கழியிலும் நம்ம ஊரில் குழாய் உறையாது.

உப்புக்காற்று:
ஸ்ட்ரெய்னரைத் திறந்தேன். சல்லடையில் முக்கால் பாகம் அடைப்பு: பென்சில் சீவியது போன்ற கறுப்புப் பிளாஸ்டிக் சுருள், மணல், கூடவே செம்மண் நிறச் சேறு. கழுவிப் போட்டதும் வித்தியாசம் 8-லிருந்து 5.5 ஆனது. ஆனால் உள்ளே வரும் தண்ணி இன்னும் 42. டிரிப் மூன்று மணியிலிருந்து ஐந்தரைக்குத் தள்ளிப்போனது, ஆனால் டிரிப் ஆவது ஓயவில்லை.

குழாய்க்கணக்கு:
5.5 என்றால் 32–33 லிட்டர். ஓட்டம் சரியாகிவிட்டது. கறுப்புச் சுருள், குழாயை வெட்டி ஃப்யூஷன் போடும்போது (சூடாக்கி ஒட்டும்போது) சீவிய துண்டு. ஒட்டிய பிறகு ஃப்ளஷ் செய்யாமலே (வேகமாகத் தண்ணி விட்டுக் கழுவாமலே) மூடியிருக்கிறார்கள். சிவப்புச் சேறு துரு. ஹெடரில் (மூன்று லூப்பும் சேரும் குழாய்) எங்காவது இரும்பு நிப்பிள் (இணைப்புத் துண்டு) இருக்கும், தேடிப் பிடித்துப் பித்தளை போடுங்கள்.

ஒருமுறை முறையாக ஃப்ளஷ் செய்யுங்கள். 100 லிட்டர் டிரம், ஒரு ஹெச்பி மோனோபிளாக் பம்பு. மூன்று லூப்பில் இரண்டை மூடி, ஒவ்வொன்றாக. 32 மிமீ குழாயில் நிமிடத்துக்கு 20 லிட்டராவது ஓடினால்தான் அடியில் தங்கிய மணலும் மேலே சிக்கிய காற்றும் வரும். திரும்பி வரும் ஹோஸின் வாய் டிரம் தண்ணிக்குள் மூழ்கியிருக்கட்டும். மேலிருந்து கொட்டினால் அதுவே காற்றை உள்ளே இழுத்துப் போகும், குமிழி நிற்கவே நிற்காது.

போர்வண்டி:
இனி பேச வேண்டியது மண்ணைப் பற்றி. இன்றிரவு ஒரு சோதனை: பத்து மணிக்குக் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு லூப் பம்பை மட்டும் விடியும்வரை ஓட்டுங்கள். காலையில் வரும் தண்ணியின் சூடுதான் ஏறக்குறைய உங்கள் போரைச் சுற்றியுள்ள மண்ணின் சூடு. சென்னையில் ஆழத்து மண் 29 டிகிரியைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்.

உப்புக்காற்று:
காலை ஆறு மணிக்கு 36.

போர்வண்டி:
அப்போ யூனிட் மேல் குறையில்லை. மண் சூட்டால் நிரம்பிவிட்டது.

டன்னுக்கு 150 அடி என்பது குளிர்நாட்டுக் கணக்கு. அங்கே கோடையில் மண்ணுக்குள் போட்ட வெப்பத்தைக் குளிர்காலத்தில் ஹீட்டிங்குக்குத் திரும்ப எடுத்துவிடுவார்கள். மண்ணும் 10–15 டிகிரியில்தான் தொடங்கும். நமக்குத் தொடக்கமே 29, திரும்ப எடுப்பது பூஜ்யம். பன்னிரண்டு மாதமும் வரவு, செலவே இல்லை. உங்கள் 450 அடி, அதாவது 137 மீட்டரில் 12.5 கிலோவாட் தள்ளினால் மீட்டருக்கு 90 வாட்டுக்கு மேல். இங்கே 30–40 தாண்டாமல் பார்த்திருக்க வேண்டும். 6 அடி இடைவெளி இன்னும் மோசம், நடுப்போருக்கு மூச்சுவிட இடமில்லை. 15–20 அடி வேண்டும். முதல் கோடை நன்றாக ஓடியதே இதனால்தான், மண் காலியாக இருந்தது.

குழாயையும் நினையுங்கள். பிஇ100 எஸ்டிஆர் 11 தாங்கும் 16 பார் என்பது 20 டிகிரியில். 40-ல் அது 12 பாருக்குக் கீழே. 52 டிகிரியில் வருஷக்கணக்காக ஓட்டினால் குழாயின் ஆயுள் குறையும்.

மாடிவீடு:
டீசூப்பர்ஹீட்டர் (கம்ப்ரசர் கேஸின் சூட்டில் வெந்நீர் போடும் கருவி) வைத்து அந்தச் சூட்டைக் குளிக்க எடுத்துக்கலாமே? இல்லைன்னா 10,000 லிட்டர் சம்ப்பில் ஒரு காயில் இறக்கிடலாம்.

குழாய்க்கணக்கு:
வெந்நீர் நல்லதுதான், ஆனால் அளவைப் பாருங்கள். நாள் முழுக்க 10 மணி நேரம் ஓடினால் 125 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம். நாலு பேர் குளிக்க 200 லிட்டரை 30-லிருந்து 50-க்கு ஏற்ற 4.6 யூனிட் போதும். நூற்றில் நாலு. சம்ப் யோசனையில் 10,000 லிட்டர் ஒரே நாளில் 10, 11 டிகிரி ஏறும். குடிக்கிற தண்ணியை வெதுவெதுவென்று வைத்தால் குளோரின் பறந்து பாசி பிடிக்கும்.

ஹெடர்_ராஜா:
புதுப் போர் போடலாம் என்றால் இந்த மனையில் இடமில்லை. இடமிருந்தாலும், சென்னையில் போர் போட அனுமதி வேண்டும் என்னும் 1987 நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது. தண்ணி எடுக்காத போர்தானே என்று நினைக்காமல் மெட்ரோ வாட்டர் ஆபீஸில் முன்கூட்டியே கேட்க வேண்டும். கூடவே ஒன்று: மீஞ்சூர் தொடங்கி இந்தக் கரை முழுக்க நிலத்தடியில் கடல் நீர் ஏறிய பூமி. உப்புத் தண்ணியில் பென்டோனைட் களிமண் சரியாக உப்பாது. போரைச் சுற்றி அடைப்புக்கு சிமென்ட் – சிலிக்கா மணல் கலவைதான் பிடிக்கும், அடியிலிருந்து டியூப் வழியாக மேலே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து கொட்டினால் நடுவில் வெற்றிடம் விழும்.

போர்வண்டி:
என் கருத்து: மொட்டை மாடியில் 5 டன் எஃப்ஆர்பி (ஃபைபர்) கூலிங் டவர், நடுவில் எஸ்எஸ்316 ஸ்டீல் பிளேட் எக்ஸ்சேஞ்சர் (இரண்டு தண்ணியும் கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றும் கருவி). டவர் தண்ணி லூப்புக்குள் கலக்கவே கூடாது. இரும்பு டவர் வாங்காதீர்கள், எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் நாலு மழைக்காலம் தாங்காது.

இங்கே கோடையில் ஈரக்குமிழ் வெப்பநிலை (தண்ணி ஆவியாகிக் குளிரக்கூடிய எல்லை) 27–28. டவர் தண்ணி 31–32-க்கு வரும், பிளேட்டைத் தாண்டி லூப்புக்கு 33–34 கிடைக்கும். தெர்மோஸ்டாட்டை 35-ல் ஓட, 33-ல் நிற்க வையுங்கள். கத்திரி முடியும்வரை இரவு பத்து முதல் காலை ஆறு வரை கம்ப்ரசர் இல்லாவிட்டாலும் டவரும் லூப் பம்பும் ஓடட்டும். சேர்ந்த சூட்டை மண்ணிலிருந்து இறக்க அதுதான் வழி, ஒரே வாரத்தில் இறங்காது.

உப்புக்காற்று:
தண்ணிச் செலவு? லாரி தண்ணி வாங்கும் நிலைமை சில மாதம் வரும்.

போர்வண்டி:
முழு வெப்பமும் டவர் வழியே போனால் மணிக்கு 19 லிட்டர் ஆவியாகும். உப்பு சேராமல் கொஞ்சம் வெளியேற்ற வேண்டும், அதையும் சேர்த்து 25 வையுங்கள். 10 மணி நேரத்துக்கு 250 லிட்டர். பாதி லோடை மண் எடுத்துக்கொண்டால் இதில் பாதி. போர் தண்ணி விட்டால் ஒரே மாதத்தில் டவருக்குள் தண்ணி வழியும் ஃபில் அடுக்கெல்லாம் சுண்ணாம்பு.

ஹெடர்_ராஜா:
டவர் தொட்டிக்குக் கொசுவலை மறக்காதீர்கள், வாரம் ஒருமுறை ப்ளீச்சிங்கும். ஸ்ட்ரெய்னரை ஃப்ளஷ் முடிந்து பத்தாம் நாள் ஒருமுறை திறந்து பாருங்கள். மறுபடி கறுப்புச் சுருள் வந்தால் ஏதோ ஒரு லூப் சரியாகக் கழுவப்படவில்லை.

உப்புக்காற்று:
ஹெடரில் இரண்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிள் கிடைத்தது, உள்ளே விரல் நுழையாத அளவு துரு. பித்தளை மாற்றியாச்சு, ஃப்ளஷும் முடிந்தது, மூன்றாவது லூப்பிலிருந்துதான் மணல் அதிகம். டவர் வரும்வரை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை ஒரு அறைக்கு மட்டும் ஓட்டுகிறேன், இரவில் பம்பை விட்டுவைக்கிறேன். இன்று காலை 35.4.