மிளகாய் உச்சி சுருள்கிறது, தக்காளி பச்சையாகவே வாடுகிறது: பிடுங்குவதா, காப்பாற்றலாமா? (குளுகோர், பினாங்கு)

குளுகோர் வாசல்:

எல்லோருக்கும் வணக்கம். தைப்பூசம் முடிந்த வாரம் விதை போட்டேன், பத்து வாரம் ஆகிறது. இப்போது பாதிச் செடிகள் கையை விட்டுப் போகிற நிலையில் இருக்கின்றன. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தரை வீடு, கிழக்குப் பார்த்த வாசல், காலை 8 மணியிலிருந்து மதியம் 1 வரை நல்ல வெயில். பாலிபேக்கில் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை) 9 சில்லி பாடி என்ற சின்ன மிளகாய், 4 பூத் ஜோலோக்கியா மிளகாய், 2 செர்ரி தக்காளி. வேலியோரத் தரையில் இன்னும் 3 செர்ரி தக்காளி. பாலிபேக் மண்ணில் கறுப்பு மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), கருக்கிய உமி கலந்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆட்டுப்புழுக்கை போடுகிறேன்.

மிளகாயில் உச்சி இலைகள் எல்லாம் சிறுத்து, ஒடுங்கி, தடித்துப் போய்விட்டன. அடி இலைகளுக்கு ஒன்றும் இல்லை. மொட்டு வருகிறது, விரியும் முன்பே உதிர்கிறது. பத்து நாளாகத் தினமும் வேப்ப எண்ணெய் அடிக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, கூடவே பாத்திரம் கழுவும் சோப்பு. சுருளல் நிற்கவில்லை. இப்போது இலையில் பழுப்புத் திட்டு வேறு.

தரையில் உள்ள தக்காளி ஒன்று மதியம் தொய்ந்தது, இரவில் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் நிமிரவே இல்லை. இலை மஞ்சளாகவில்லை, பச்சையாகவே தொங்குகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். நேற்று பக்கத்துச் செடியும் தொய்ந்துவிட்டது. பாலிபேக் தக்காளி நன்றாக இருக்கிறது, ஆனால் பூ எல்லாம் கொட்டுகிறது.

நர்சரியில் காட்டியபோது, வைரஸ், எல்லாவற்றையும் பிடுங்கிப் போடு என்றார்கள். சில்லி பாடி விதை என் அப்பா எடுத்து வைத்தது. அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. டப்பாவில் இருந்த விதை எல்லாவற்றையும் போட்டுத்தான் இந்த 9 செடி வந்தது, வேறு விதை இல்லை. அதனால்தான் பிடுங்கக் கை வரவில்லை.

செந்தூல் பால்கனி:

எனக்கும் போன வருடம் இதே மாதிரி ஆனது. வெள்ளை ஈ வந்தது, பிறகு இலைச்சுருட்டு வைரஸ். 6 செடியையும் பிடுங்கிவிட்டேன். வைரஸுக்கு மருந்து கிடையாது சகோதரி. தாமதித்தால் மற்றதுக்கும் பரவும்.

பி.எம். தோட்டக்காரர்:

தங்கச்சி, அவசரப்பட வேண்டாம். முதலில் நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

சுருண்ட இலையின் ஓரம் மேல்நோக்கி மடிகிறதா, கீழ்நோக்கியா? மேலே மடிந்து கிண்ணம் மாதிரி நின்றால் பெரும்பாலும் இலைப்பேன். கீழே மடிந்து கவிழ்த்த படகு மாதிரி இருந்தால் சிலந்திப்பேன் என்று சந்தேகிக்கலாம். வைரஸ் என்றால் இலையில் மஞ்சளும் பச்சையும் கலந்த தேமல் அல்லது நரம்பு மஞ்சளிப்பு இருக்கும். அது தெரிகிறதா?

அடுத்து, உச்சி இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெண்கலம் தேய்த்த மாதிரி பளபளப்பாக இருக்கிறதா? மூன்றாவது, பக்கத்தில் பப்பாளி ஏதாவது நிற்கிறதா?

நான்காவது தக்காளிக்கு. தொய்ந்த செடியின் தண்டைத் தரைக்குச் சற்று மேலே வெட்டி, ஒரு துண்டைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டு ஆடாமல் வையுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளை நூல் இறங்குகிறதா? அந்தத் தரையில் முன்பு என்ன நட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

சுங்கை பூலோ காரம்:

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேப்ப எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்றால் 30 மில்லி. நான் 5 மில்லிக்கு மேல் போவதில்லை. அதுவும் வாரம் ஒரு முறை, வெயில் இறங்கிய பிறகுதான். பகலில் எண்ணெய் பூசிய இலை வெந்துபோகும். உங்கள் பழுப்புத் திட்டு அதுதான், நோய் இல்லை.

குளுகோர் வாசல்:

பார்த்துவிட்டேன் அண்ணே. தம்பியிடம் நகைக்கடைக்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு லென்ஸ் இருந்தது, அதை வாங்கிப் பார்த்தேன்.

எல்லாமே கீழ்நோக்கித்தான் மடிந்திருக்கின்றன. தேமல் இல்லை. அடிப்பக்கம் நீங்கள் சொன்ன பளபளப்பு அப்படியே இருக்கிறது. லென்ஸில் கண்ணாடி மாதிரி மங்கலான பொட்டுகள் மெதுவாக நகர்கின்றன. சில இடத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த முட்டை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பப்பாளி வேலிக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. அதன் குருத்து இலையும் நகம் மாதிரி ஒடுங்கியிருப்பதை இன்றுதான் கவனித்தேன்.

தக்காளித் தண்டில் நூல் இறங்கியது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் போன வருடம் அப்பா கத்தரி வைத்திருந்தார். அதுவும் இப்படித்தான் பச்சையாகவே வாடிச் செத்தது. வெயில் என்று நினைத்தோம்.

பி.எம். தோட்டக்காரர்:

சரி, இப்போது தெளிவாகிவிட்டது. உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. ஒன்றுக்கு வழி இருக்கிறது, மற்றதுக்கு இல்லை.

மிளகாயில் இருப்பது சிலந்திப்பேன். அகலச் சிலந்தி என்றும் முரணைச் சிலந்தி என்றும் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பலரும் வைரஸ் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நீங்கள் பார்த்த வெள்ளைப் புள்ளி முட்டை இதற்கே உரிய அடையாளம். இது முற்றிய இலையைத் தொடாது. குருத்திலும் மொட்டிலும் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அது விடும் எச்சிலில் இருக்கும் நஞ்சுதான் இலையைச் சுருட்டுகிறது. பப்பாளியிலும் இது வரும், காற்றிலும் பரவும். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டும் செடிக்குச் செடி போகும்.

இதைச் செய்யுங்கள். சுருண்ட உச்சிகளை, கீழே நல்ல இலை இருக்கும் இடம் வரை வெட்டி உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் போடுங்கள். சாய்ந்து வரும் பப்பாளிக் கிளையைப் பற்றிப் பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள். பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் அது அசையாது, உங்கள் வேப்ப எண்ணெய் பலிக்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்குச் சரியான மருந்து தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள். ஆனால் எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது, இலை கருகிவிடும். அதுவரை மிதமான சோப்புத் தண்ணீரை 4 நாளுக்கு ஒரு முறை, மாலையில், அடிப்பக்கமாக அடியுங்கள். பிறகு கந்தகம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுதான், கண்ணளவு வேண்டாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் அடிக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் முட்டை ஒரு வாரத்துக்குள் வளர்ந்த பூச்சியாகிவிடும், அதனால் ஒரு முறையோடு விட்டால் பயன் இல்லை. 5 நாள் இடைவெளியில் மூன்று முறை. சுருண்ட இலை திரும்ப விரியாது. புதிதாக வரும் குருத்தை மட்டும் பாருங்கள்.

தக்காளிக்கு மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அது பாக்டீரியா வாடல். மருந்து இல்லை. கிருமி மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். உங்கள் அப்பாவின் கத்தரியைக் கொன்றதும் அநேகமாக இதுதான். தரையில் உள்ள மூன்றையும் வேரோடு, சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். எரு குழியில் போட வேண்டாம். கத்தரிக்கோலை ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் கழுவுங்கள். முக்கியமானது இது: மிளகாய்க்கும் இந்த நோய் வரும். அந்தத் தரையில் ஓடும் தண்ணீர் பாலிபேக் அடியில் படாதபடி செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

செந்தூல் பால்கனி:

அப்படியானால் நான் பிடுங்கியதும் வைரஸாக இருந்திருக்காது போலிருக்கிறது. எனக்கும் கீழ்நோக்கித்தான் மடிந்திருந்தது. மன்னிக்கவும் சகோதரி, தவறாகச் சொல்லிவிட்டேன்.

ஜெலுத்தோங் 4வது மாடி:

கந்தகம், சோப்பு என்று ஏன் இழுக்க வேண்டும்? அபாமெக்டின் பூச்சிமருந்தை ஒரு மூடி கலந்து அடித்தால் மூன்று நாளில் காலியாகிவிடும். காய்கறித் தோட்டக்காரர்கள் அதைத்தானே அடிக்கிறார்கள்.

சுங்கை பூலோ காரம்:

அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அண்ணே, ஒரு மூடி என்பது அளவே இல்லை. தேனீக்கு அது கடும் நஞ்சு. அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கும். சமைக்கும்போது வாசலில் போய் நாலு மிளகாய் கிள்ளி வரும் வீட்டில் அந்தக் கணக்கை யார் பார்ப்பார்கள்? பதிமூன்று மிளகாய்ச் செடிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

பூத் ஜோலோக்கியா பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2007ல் உலகிலேயே காரமானது என்று கின்னஸில் ஏறிய மிளகாய் அது. முளைக்கவே மூன்று வாரம் எடுத்திருக்கும், வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். பத்து வாரத்தில் குட்டையாக இருப்பதைப் பார்த்து உரம் கூட்டாதீர்கள். தழைச்சத்து கூடினால் குருத்து இன்னும் மென்மையாகும், பேனுக்கு அதுதான் விருந்து.

குளுகோர் வாசல்:

நன்றி அண்ணே. பாலிபேக் தக்காளிப் பூ கொட்டுவதற்கும் ஏதாவது நோயா? அப்புறம், முதலில் போட்ட தக்காளி நாற்றை நத்தை ஒரே இரவில் தின்றுவிட்டது. முட்டை ஓடு போட்டும் நிற்கவில்லை.

பி.எம். தோட்டக்காரர்:

பூ கொட்டுவது நோய் இல்லை. இரவு வெப்பம் 21 டிகிரிக்கு மேல் போனாலே தக்காளி சரியாகக் காய் பிடிக்காது. நமக்கு இரவே 24 இருக்கிறது. கேமரன் மலையில் 1,000 மீட்டருக்கு மேலே தக்காளி போடுவதற்குக் காரணம் அந்தக் குளிர்தான். செர்ரி வகை ஓரளவு தாங்கும். காலை 9 மணிவாக்கில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள், மகரந்தம் உதிரும். எல்லாப் பூவும் காயாகாது, சிலது ஆகும்.

இனியும் தரையில் தக்காளி வேண்டும் என்றால் கத்தரி வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று தேடுங்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் வாடலைத் தாங்கும் கத்தரி வேரில் தக்காளியை ஒட்டும் முறையைப் பல நாடுகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. கத்தரி வேண்டுமென்றால் சுண்டை வேரில் ஒட்டலாம், இங்கே பலர் செய்கிறார்கள். ஒட்டு வேண்டாம் என்றால் அந்த இடத்தில் வெண்டை, கங்கோங் கீரை, பயற்றங்காய் போடுங்கள். அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஜெலுத்தோங் 4வது மாடி:

நத்தைக்கு என் அம்மா செய்வது: இரவு 9 மணிக்கு டார்ச் எடுத்துப்போய்க் கையால் பொறுக்குவார். ஒரு வாரம் விடாமல் செய்தால் குறையும். ஆனால் கையுறை போடுங்கள். அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தையில் எலி நுரையீரல் புழு இருக்கும், மனிதருக்கு மூளை உறையில் அழற்சி வரவைக்கும். கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

குளுகோர் வாசல் (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நிலவரம் சொல்ல வேண்டும்.

தரைத் தக்காளி மூன்றையும் எடுத்துவிட்டேன். மூன்றாவது அப்போதுதான் மொட்டு வைத்திருந்தது, எடுக்கும்போது கஷ்டமாக இருந்தது. அந்த இடத்தில் வெண்டை முளைத்துவிட்டது. பாலிபேக் தக்காளி இரண்டிலும் சேர்த்து 11 காய் நிற்கிறது, காலையில் நான் சுண்டிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மா.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி பப்பாளிக் கிளையை வெட்டிவிட்டார். இரண்டு வாரம் சோப்புத் தண்ணீர், பிறகு கந்தகம் மூன்று முறை அடித்தேன். இரண்டாவது முறைக்குப் பிறகே புதுக் குருத்து அகலமாக வரத் தொடங்கியது. பூத் ஜோலோக்கியா ஒன்று போய்விட்டது. அப்பாவின் சில்லி பாடி 9ல் 8 நிற்கிறது. ஆறு செடியில் பிஞ்சு பிடித்திருக்கிறது. நேற்று லென்ஸில் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை.

விதைக்கு எந்தக் காயை விட வேண்டும் அண்ணே? இங்கே மெர்பா குருவி நிறைய வருகிறது.

பி.எம். தோட்டக்காரர்:

ரொம்ப மகிழ்ச்சி தங்கச்சி.

மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது, சிவந்ததும் கொத்திக்கொண்டு போய்விடும். அதனால் நல்ல செடிகள் மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மொட்டுக்கு இப்போதே மெல்லிய துணிப் பை கட்டுங்கள். பூத் ஜோலோக்கியாவின் மகரந்தம் கலக்காமல் இருப்பதற்கும் அது நல்லது. காய் பிடித்தபின் பையை எடுக்க வேண்டாம். முழுதாகச் சிவந்து தோல் லேசாகச் சுருங்கும் வரை செடியிலேயே விடுங்கள். விதையை நிழலில் ஒரு வாரம் காயவைத்துக் காகித உறையில் போட்டு, மூடி இறுகிய போத்தலில் வைத்துக் குளிர்பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள். வெளியே வைத்தால் நம் ஈரக்காற்றில் ஒன்றிரண்டு வருடத்தில் முளைப்பு குறைந்துவிடும். உறையின் மேல் தேதியும் அப்பா பெயரும் எழுதுங்கள். ஒரு பாதியைத் தம்பி வீட்டில் கொடுத்து வையுங்கள்.

குளுகோர் வாசல்:

சரி அண்ணே. இன்று மாலை மழை நின்றதும் ஏழு மொட்டுக்குப் பை கட்டிவிட்டேன். அம்மாவின் பழைய வாயில் சேலையில் தைத்தது.