கரடிக் கூட்டம் (குடும்ப வாட்ஸ்அப் குழு)

புதன், ஏப்ரல் 23, 2025

அப்பா: நாளை இரவு என்எஃப்எல் டிராஃப்ட், அமெரிக்கக் கால்பந்து டீம்கள் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் இரவு. நம் சிகாகோ பேர்ஸுக்கு 10-ஆவது இடம். அதுவும் கிரீன் பேயில், பேக்கர்ஸ் மைதானத்து வாசலில். பங்காளி வீட்டு முற்றத்தில் நமக்கு நிச்சயதார்த்தம். யாரை எடுக்கலாம், எல்லோரும் சொல்லுங்கள்.

தம்பி: ஜென்டி! ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜென்டி! பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். போன சீசனில் பாய்சி ஸ்டேட்டுக்காக 2,601 யார்டு ஓடியிருக்கிறான். பேரி சாண்டர்ஸின் கல்லூரிச் சாதனைக்கு 27 யார்டுதான் குறைவு.

பெரிய மாமா: டேய், பேரி சாண்டர்ஸ் பெயரை டெட்ராய்ட்காரனிடமே எடுக்கிறாயா? அவர் பத்து வருஷம் எங்கள் லயன்ஸுக்கு ஓடினார். அவரைப் போல் ஒருவனை இனிப் பார்க்க முடியாது. அந்தப் பத்து வருஷத்தில் பிளேஆஃபில் எத்தனை ஆட்டம் ஜெயித்தோம் தெரியுமா? ஒன்று.

அப்பா: மச்சான் சொல்வது சரி. ஓடுகிறவன் நல்லவனாக இருந்தால் போதாது, எதிராளியைத் தடுத்து வழி திறந்து விடுகிறவன் வேண்டும்.

நான்: ரன்னிங் பேக்கைப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம்டா. நம் ஆட்களையே பார். மேட் ஃபோர்ட்டே இரண்டாம் சுற்று. ஜோர்டன் ஹாவர்டு ஐந்தாம் சுற்று, முதல் வருஷமே 1,313 யார்டு. மாண்ட்கோமரி மூன்றாம் சுற்று. முதல் சுற்றை எதற்கு வீணாக்க வேண்டும்?

தம்பி: வால்டர் பேட்டன்? அவரும் நம் ரன்னிங் பேக்தான். 1975 டிராஃப்டில் 4-ஆவது ஆள்.

அப்பா: தெய்வத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதே.

சித்தி: காலை வணக்கம் 🌺 கோயம்புத்தூரில் விடிந்துவிட்டது. டிராஃப்ட் என்றால் நம் ஐபிஎல் ஏலமா?

அக்கா: இல்லை சித்தி, இங்கே பணம் கிடையாது. முந்தைய வருஷம் கடைசியில் வந்த டீம்தான் முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கும். கல்லூரியிலிருந்து வரும் பையன்களுக்கு எந்த ஊர் என்று கேட்கவே மாட்டார்கள்.

சித்தி: அட, தோற்றவனுக்கு முதல் மரியாதையா! சிஎஸ்கே இந்த வருஷம் ஆடுகிற ஆட்டத்துக்கு இதுதான் வேண்டும்.

அப்பா: தோற்றவனுக்கு மரியாதை கிடைக்கும், புத்தி கிடைக்காது. 2017-இல் பேர்ஸ் 3-ஆவது இடத்திலிருந்து 2-ஆவது இடத்துக்குப் போக இன்னும் சில வாய்ப்புகளை அள்ளிக் கொடுத்து ட்ருபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிபவனை, எடுத்தார்கள். அதே வருஷம் 10-ஆவதாகப் போனவன் இன்று பெரிய நட்சத்திரமான குவார்ட்டர்பேக் மஹோம்ஸ். நான் சிகாகோ வந்த குளிர்காலத்தில், 1986 ஜனவரியில், 46-10 என்று சூப்பர் பவுல், அதாவது என்எஃப்எல் இறுதி ஆட்டம், ஜெயித்தார்கள். வருஷா வருஷம் இப்படித்தான் போல என்று நினைத்தேன். இன்று வரை அது ஒன்றுதான்.

அம்மா: அந்தக் கதை வேண்டாம். அரிசி ஊறவைத்தீர்களா?

அப்பா: 👍

நான்: விஷயத்துக்கு வருவோம். போன சீசன் 5 வெற்றி, 12 தோல்வி. நடுவில் தொடர்ந்து 10 தோல்வி. நம் குவார்ட்டர்பேக் கலெப் வில்லியம்ஸைப் பந்தோடு கீழே தள்ளியது 68 முறை. முதல் வருஷப் பையன். இதே மாதிரி ஹூஸ்டனில் 2002-இல் டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கை 76 முறை தள்ளினார்கள். கலெப்பைப் போலவே அவரும் டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர்தான். பின்னால் மற்றவருக்கு மாற்று ஆளாகத்தான் உட்கார்ந்தார். எனவே எறிபவனைக் காக்கும் முன்வரிசை, அதாவது லைன். லைன். லைன்.

அக்கா: லைனில்தான் இப்போது மூன்று பேரை வாங்கிவிட்டார்களே? தூனி, ஜோனா ஜாக்சன், சென்டருக்கு டால்மன்.

நான்: அவர்கள் மூவரும் நடுவில் நிற்பவர்கள் அக்கா. வலது ஓரத்துக்கு டார்னெல் ரைட், 2023-இல் இதே 10-ஆவது இடத்தில் எடுத்த ஆள். இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிள் பிராக்ஸ்டன் ஜோன்ஸுக்கு டிசம்பரில் கணுக்கால் போய்விட்டது. அவன் எப்போது முழுசாகத் திரும்புவான்? எறிபவனின் முதுகுப்பக்கத்தைக் காப்பது அந்த ஒரு இடம்தான். வீட்டுக்கு மூன்று பக்கம் சுவர் கட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த மாதிரி இருக்கிறது.

அக்கா: நான் சின்சினாட்டியில் பட்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். 2020 நவம்பரில் எங்கள் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு முழங்கால் போனது. 2021-இல் எங்கள் பெங்கால்ஸுக்கு 5-ஆவது இடம். ஊரே இரண்டாகப் பிரிந்தது. பெனை ஸூவல் என்ற டேக்கிளா, ஜமார் சேஸ் என்ற, ஓடிப் போய்ப் பந்து பிடிக்கும் ரிசீவரா? என் ஆபீசில் இரண்டு பேர் இதற்காகச் சாப்பிடும் மேஜையையே மாற்றிக்கொண்டார்கள். நானும் உன்னைப் போல் லைன் லைன் என்றுதான் கத்தினேன். சேஸை எடுத்தார்கள். அந்த வருஷமே சூப்பர் பவுல் போனோம்.

நான்: சூப்பர் பவுலில் பர்ரோவை எத்தனை முறை தள்ளினார்கள்? அதையும் சொல்.

அக்கா: ஏழு. 😑

நான்: அதற்கு முன் டென்னசியில்?

அக்கா: ஒன்பது. ஆனால் அந்த ஆட்டம் ஜெயித்தோமே!

பெரிய மாமா: நீங்கள் விட்ட ஸூவலை 7-ஆவது இடத்தில் நாங்கள் அள்ளிக்கொண்டோம். நன்றி மருமகளே.

அக்கா: மாமா, என் கருத்து இதுதான். கிடைப்பதில் சிறந்தவனை எடுக்க வேண்டும். ஓட்டை எங்கே என்று பார்த்து எடுத்தால், அந்த ஓட்டைக்குப் பொருந்துகிற சுமாரான ஆள்தான் கிடைப்பான்.

பெரிய மாமா: அதற்கும் ஒரு எல்லை உண்டு. எங்கள் ஊர்க் கொடுமையைக் கேள். 2003 முதல் சுற்றில் ரிசீவர். 2004 முதல் சுற்றில் ரிசீவர். 2005-இல் 10-ஆவது இடம், மறுபடியும் ரிசீவர், மைக் வில்லியம்ஸ். அடுத்த நிமிஷம் 11-ஆவதாக டாலஸ் எடுத்தது டிமார்கஸ் வேர். அவர் ஹால் ஆஃப் ஃபேம் என்ற மேதைகள் பட்டியலுக்கே போனார். நாங்கள் 2008-இல் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 0-16 போனோம். சாம்பாரே இல்லாத வீட்டில் மூன்று வகை அப்பளம் பொரித்து வைத்த கதை.

அப்பா: 😂😂 மச்சான், இதை எத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தீர்கள்?

தம்பி: சரி, டேக்கிள் என்றால் யார்? எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தின் வில் கேம்ப்பெல்லுக்குக் கை குட்டை என்கிறார்கள். 33 அங்குலம்கூட இல்லையாம்.

அம்மா: பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு அளக்க மாட்டார்களே.

நான்: கேம்ப்பெல் 10 வரை வரமாட்டான். மிசூரியின் ஆர்மண்ட் மெம்பு, டெக்சஸின் கெல்வின் பேங்க்ஸ், இருவரில் ஒருவன் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இரண்டாம் சுற்றில் 39, 41 இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. 39 கரோலைனாவிடமிருந்து வந்தது. ரன்னிங் பேக், தடுப்பாட்டக்காரன் எல்லாம் அங்கே.

பெரிய மாமா: நீங்கள் யாரும் உங்கள் புதுப் பயிற்சியாளரை நினைக்கவில்லை. பென் ஜான்சன் ஜனவரி வரை எங்களிடம் இருந்தவர். 2023-இல் லயன்ஸ் 12-ஆவது இடத்தில் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தபோது நாடே சிரித்தது. 34-ஆவதாக லபோர்ட்டா என்ற டைட் எண்ட். அந்தச் சீசனிலேயே சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம் வரை போனோம். அவருக்கு டைட் எண்ட் இல்லாமல் சமைக்க வராது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி: மாமா, நம்மிடம் கோல் கிமெட் இருக்கிறானே. டைட் எண்டா? 10-ஆவது இடத்திலா? 🤣

சித்தி: டைட் எண்ட் என்றால்?

நான்: பாதி நேரம் லைனில் நின்று தடுப்பான், பாதி நேரம் ஓடிப் போய்ப் பந்து பிடிப்பான் சித்தி. அரை டேக்கிள், அரை ரிசீவர்.

சித்தி: ஓ, நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தியும் பரிமாறி மேளமும் பிடிக்கிறவன்.

அப்பா: என் கணக்கு ஒன்றுதான். பிப்ரவரி சூப்பர் பவுலில் பார்த்தீர்களா? ஈகிள்ஸ் கூடுதல் ஆளை அனுப்பாமலே மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள். எதிரி லைன் அப்படி இருந்தால் மஹோம்ஸே நிற்க முடியாது, நம் பையன் எம்மாத்திரம்? அதனால் டேக்கிள். சபை கலைகிறது.

அம்மா: அரிசி ஊறவில்லை. இப்போதுதான் பார்த்தேன்.

வியாழன், ஏப்ரல் 24, 2025

தம்பி: 4, கேம்ப்பெல் போய்விட்டான். நியூ இங்கிலாந்து.

தம்பி: 6, ஜென்டி. ரெய்டர்ஸ். 💔

நான்: 7, மெம்பு. ஜெட்ஸ்.

அப்பா: பேங்க்ஸ் இருக்கிறான். யாரும் அவன் பெயரைச் சொல்லாதீர்கள்.

தம்பி: 8, ரிசீவர். கரோலைனா. அப்பாடா.

நான்: 9. நியூ ஆர்லியன்ஸ்.

அப்பா: யார்?

நான்: பேங்க்ஸ்.

அப்பா: 🤦

அக்கா: மூன்று டேக்கிளும் நமக்கு முன்னாலேயே. கடவுளே.

தம்பி: வந்துவிட்டது. கோல்ஸ்டன் லவ்லாண்ட். மிச்சிகன்.

அம்மா: அவன் என்ன ஆடுகிறான்?

தம்பி: டைட் எண்ட் 😶

பெரிய மாமா: 🙏 (குரல் செய்தி, 1:52)

அக்கா: மாமா, ஒன்றே முக்கால் நிமிஷமும் சிரித்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

பெரிய மாமா: எங்கள் மாநிலத்துப் பல்கலைக்கழகத்துப் பையன் அம்மா. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில்தான் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது.

அப்பா: அதை இப்போது சொல்கிறீர்களே மச்சான்!

சித்தி: காலை வணக்கம் 🌸 அத்தான், டேக்கிள் கிடைத்தானா?

நான்: இல்லை சித்தி. டைட் எண்ட்.

சித்தி: அரை டேக்கிள் என்று நேற்று நீதானே சொன்னாய்? அரை கிடைத்துவிட்டது. நாளைக்கு 39-இல் மீதி அரையை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா: நாளை ஆறு மணிக்கு எல்லோரும் வந்துவிடுங்கள். மச்சான், நீங்கள் மட்டும் முன்கூட்டியே எதுவும் சொல்ல வேண்டாம்.