விரலால் படித்த புத்தகம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சென்னை திருவான்மியூரில் உள்ள தாரா புக்ஸ் பதிப்பகத்தில்தான் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' எனக்குக் கிடைத்தது. திறந்ததும் முதலில் வந்தது மை வாசனை. தாள் முழுக் கருப்பு, கையால் செய்தது. மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள். 2006இல் வந்த புத்தகம். பகலெல்லாம் நிழலும் உணவும் கொடுத்து உழைக்கும் மரங்கள் இரவில்தான் ஓய்வெடுக்கும், அப்போதுதான் அவற்றின் ஆன்மா வெளிப்படும் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை. அந்தக் கருப்புத் தாளே இரவு என்று எனக்குப் பிடிபட நாலைந்து பக்கம் ஆனது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. ஒரு மரத்தின் அடியில் விரலை வைத்து, கிளை கிளையாக நுனிவரை தடவிக்கொண்டே போனார். "மை மேலே எழும்பி நிக்குதுடா, கோலம் மாதிரி" என்றார். சில்க் ஸ்கிரீன் அச்சு அது, வலைத்துணித் திரை வழியாக மையை இழுத்து அச்சிடுவது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை. ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்ததை இழுக்க முடியும். பைண்டிங்கும் கைவேலை, பிரதிக்குப் பிரதி எண் உண்டு. அப்படி மெதுவாகச் செய்ததால்தானோ என்னவோ, அம்மாவும் அதே நிதானத்தில் பார்த்தார். ஒரு மரத்துக்குப் பத்து நிமிடம். அதே படங்களைப் போனில் பார்த்தபோது நான் தள்ளித் தள்ளி ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

*

கோலம் என்று உங்கள் அம்மா சொன்னது எவ்வளவு சரி! எனக்கு அப்படி அமைந்தது அதே பதிப்பகத்தின் 'சுனாமி'. மேற்கு வங்கத்துப் பட்டுவா ஓவியர்கள் மொய்னா, ஜாய்தேப் சித்ரகார் செய்தது. பட்டுவாக்கள் படச்சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் காட்டிப் பாடுவார்கள். இந்தப் புத்தகத்தையும் அப்படித்தான் கீழ்நோக்கிப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். தனியாக மடியில் வைத்துப் படிக்க வராது. எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். ஹாலில் தரையில் விரித்தோம், ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தோம். பாட்டி மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார், அப்புறம் நகர்ந்து போய் மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். 2004ஐப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அன்று பாட்டி ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டுப் பேசினார்.

மடித்து வைக்கவா என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றார். இரவுவரை தரையிலேயே இருந்தது. நாங்கள் சுற்றிச் சுற்றி நடந்தோம்.