ஞாயிற்றுக்கிழமை புத்தக வண்டிக்குக் கொஞ்சம் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடி பக்கம் நாங்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் ஒரு டிவிஎஸ் எக்ஸெலில் இரண்டு பிளாஸ்டிக் கிரேட்டைக் கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து வாங்குகிறோம். (1931இல் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஓடியதும் இதே மன்னார்குடி பக்கம்தான், அந்தப் பெருமை கொஞ்சம் உண்டு.)

இப்போது சிக்கல் என்னவென்றால், வீட்டில் பழைய புத்தகம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அன்பாகக் கூப்பிடுகிறவர்கள் மூட்டை மூட்டையாக டிஎன்பிஎஸ்சி கைடும் ஜோதிட இதழும்தான் தருகிறார்கள், ஏழு வயதுப் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்? மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படிக்கிறாள். பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து, ஒரு படம், அவளுக்கு அது போதும். அப்படி எட்டே எட்டுப் புத்தகம்தான் எங்களிடம் இருக்கிறது, எட்டையும் இப்போது பார்க்காமலே சொல்கிறாள்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. தஞ்சாவூர், திருவாரூரில் கலர் பிரிண்ட் மலிவாகப் போட்டுத் தரும் கடை யாருக்காவது தெரியுமா? ஸ்டேப்ளர் பின் அடித்தால் நடுப்பக்கம் ஒரே மாதத்தில் கழன்றுவிடுகிறது, நூல் தையல் போடத் தெரிந்தவர்கள் ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுத்தால் புண்ணியமாய்ப் போகும். அப்புறம், மழை வருகிறது, கிரேட்டை மூட ஒரு தார்ப்பாய் வேண்டும், பழசானாலும் சரி. பணம் மட்டும் வேண்டாம், கணக்கு வைக்க ஆள் இல்லை.