சிலந்திக் கடி என்று சொல்வதற்குச் சாட்சி வேண்டுமா?

எட்டுக்கால்:
உடம்பில் காரணம் தெரியாத புண் ஒன்று வந்துவிட்டால், இரவில் சிலந்தி கடித்திருக்கும் என்று முடிவு கட்டிவிடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. கடித்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நஞ்சு உண்டு என்றாலும் அது பூச்சிகளை முடக்குவதற்கானது. மனிதரைப் படுக்கையில் தள்ளும் வலிமை கொண்டவை மிகச் சில பேரினங்களே. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு குடும்பம் பல ஆண்டுகளாகக் குடியிருந்த வீட்டில், ஆறே மாதத்தில் 2,055 பழுப்பு ரெக்லூஸ் சிலந்திகள் பிடிபட்டன. சதையை அழுகச் செய்வதில் பெயர்பெற்ற அவற்றுக்கு நடுவே வாழ்ந்தும், அந்த வீட்டில் ஒருவருக்கும் கடிபட்ட அறிகுறி இல்லை. ஆகவே, கடித்த சிலந்தியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் வராதவரை, எந்தப் புண்ணையும் சிலந்திக் கடி என்று எழுதக் கூடாது என்பதே என் வாதம்.

நிழல்மரம்:
நண்பரே, எண்ணிக்கையைக் காட்டி அச்சத்தைத் தணிக்கப் பார்க்கிறீர்கள்; கடித்தது எந்தச் சிலந்தி என்பதல்லவா கேள்வி? சிட்னியைச் சுற்றி வாழும் புனல்வலைச் சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். துணை தேடி வளையை விட்டு வெளியேறும் ஆண் சிலந்தி, காலணிக்குள்ளும் தரையில் கிடக்கும் துணிக்குள்ளும் புகுந்துகொள்ளும். பெண்ணைவிட அதன் நஞ்சே கொடியது. நரம்புகளில் உள்ள சோடியம் வாயில்களை அது மூடவிடாமல் செய்வதால், நரம்புகள் ஓயாமல் துடிக்கத் தொடங்குகின்றன. முதலில் உதட்டைச் சுற்றி மதமதப்பு, பிறகு நாக்கில் துடிப்பு, வியர்வை, கண்ணீர், உமிழ்நீர், கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல். முயலும் நாயும் பூனையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் இந்த நஞ்சு, குரங்கினத்தையும் நம்மையும்தான் இப்படி வீழ்த்துகிறது என்பது இயற்கையின் வேடிக்கைகளில் ஒன்று. நச்சுமுறி வருவதற்கு முன் 13 மரணங்கள் பதிவாகியிருக்கின்றன.

எட்டுக்கால்:
ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஸ்ட்ரூவன் சதர்லேண்டின் குழு உருவாக்கிய நச்சுமுறி 1981-இல் புழக்கத்துக்கு வந்த பிறகு, புனல்வலைச் சிலந்தியால் ஒரு மரணம்கூடப் பதிவாகவில்லை என்பதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

நிழல்மரம்:
குடை பிடித்தவர் நனையவில்லை என்பதை வைத்து மழையே பெய்யவில்லை என்கிறீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அடிமுதல் நுனிவரை அழுத்தமாகக் கட்டுத்துணியால் சுற்றி, அசையாமல் வைத்து, நச்சுமுறி இருக்கும் இடத்துக்கு விரைந்தவர்களால் கிடைத்த பூஜ்ஜியம் அது. ‘சிலந்திதானே’ என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களால் கிடைத்ததல்ல.

இரவுப்பணி:
நான் செவிலியர், இரு தரப்புக்கும் உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கருப்பு விதவை, செம்முதுகுச் சிலந்தி ஆகியவை கடித்த இடத்தில் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இருக்காது. ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, சுற்றிலும் லேசான சிவப்பு, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து வலி காலில் ஏறி இடுப்புக்கு வரும், வயிறு பலகைபோல் விறைக்கும், குடல்வால் அழற்சியோ என்று ஐயம் எழும். அப்போது கடிபட்ட காலில் மட்டும் வியர்வை முத்து முத்தாக அரும்பி நிற்க, மற்றக் கால் காய்ந்தே இருப்பதுண்டு. அந்தக் காலைத் தொட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த பரிசோதனை எனக்குத் தெரியாது. இந்தக் கடிக்கு அழுத்தக் கட்டுப் போடக் கூடாது, வலிதான் கூடும்.

மறுபக்கம், தொடையில் ‘சிலந்திக் கடி’ என்று வந்த ஒருவருக்கு ஓரிடத்தில் நான்கு நாட்கள் களிம்பு மட்டும் தடவி அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் கட்டியைக் கீறியபோது சீழ் கொட்டியது. மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி என்று பரிசோதனையில் தெரிந்தது. சிலந்தி என்ற சொல் இல்லாமல் இருந்திருந்தால், முதல் நாளே கீறியிருப்பார்கள்.

எட்டுக்கால்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஆஸ்திரேலியாவில் நஞ்சியல் மருத்துவர் ஜெஃப்ரி இஸ்பிஸ்டர் நடத்திய ஆய்வில், கடித்த சிலந்தியைப் பிடித்து அடையாளம் கண்ட 750 நேர்வுகள் தொகுக்கப்பட்டன. அவற்றில் ஒன்றிலும் சதை அழுகவில்லை. பல காலமாகப் பழி சுமந்த வெள்வால் சிலந்தியின் 130 கடிகளிலும் அப்படியே.

நிழல்மரம்:
அந்த 750 நேர்வுகளும் ஆஸ்திரேலியாவில் நடந்தவை. சதையை உண்மையிலேயே அழிக்கும், பழுப்பு ரெக்லூஸும் அடங்கிய லோக்சோசெலிஸ் பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் வாழும் அமெரிக்கக் கண்டங்களைப் பற்றி அவை எதையும் சொல்ல முடியாது. சிலி, பெரு, பிரேசில் நாடுகளின் மருத்துவர்களுக்கு அது கட்டுக்கதை அல்ல. அந்தச் சிலந்தி சுவர் இடுக்கிலும் மாட்டிவைத்த துணியிலும் ஒதுங்கும். உடுத்தும்போதோ படுக்கையில் புரளும்போதோ நசுங்கினால்தான் கடிக்கும். கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. பல மணி நேரம் கழித்தே, சிவப்பும் வெளிறலும் நீலமும் கலந்த திட்டு தோன்றும். வலிக்காத கடிக்குச் சாட்சி கேட்கும் உங்கள் விதி, யார் உண்மையிலேயே கடிபட்டாரோ அவரையே முதலில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

எட்டுக்கால்:
நியாயமான மறுப்பு. இருந்தாலும் அந்தப் பேரினமே இல்லாத நிலப்பகுதியில் அதன் பெயரைச் சொல்லிப் புண்ணுக்கு மருந்து கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

இரவுப்பணி:
நானும் ஏற்கவில்லை. காரணம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதட்டும். நசுங்கிய சிலந்தி கிடைத்தால் ஒரு குப்பியில் போட்டுக் கொண்டுவரட்டும். ஆனால் லோக்சோசெலிஸ் வாழும் இடத்தில் இன்னொரு கேள்வியைத் தவறவிடக் கூடாது. அதன் நஞ்சு சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். தோலில் உள்ள புண் சிறிதாகவே இருக்க, சிறுநீர் கறுத்துப்போகும்.

எட்டுக்கால்:
முதல் பதிவின் கடைசி வரியைத் திருத்திவிட்டேன். ‘சிலந்தியைப் பார்த்தீர்களா’ என்ற கேள்வியை எடுக்கவில்லை, நிழல்மரம் மன்னிக்க வேண்டும். ஆனால் ‘ஆம்’ என்ற பதில் வராதவரை எழுதக் கூடாது என்பதை நீக்கிவிட்டு, ‘சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது’ என்று சேர்த்திருக்கிறேன்.